‘ஹுட்ஸ்பா’ என்றால் துணிச்சலா, திமிரா?

கேள்வி இதுதான்: அமெரிக்கச் செய்திகளிலும் கட்டுரைகளிலும் ‘ஹுட்ஸ்பா’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. ஓர் அகராதி துணிச்சல் என்கிறது, இன்னொன்று திமிர் என்கிறது. எது சரி? எப்படி உச்சரிப்பது? நாம் பேசும், எழுதும் ஆங்கிலத்தில் இதைப் பயன்படுத்தலாமா?

சுருக்கமாகச் சொன்னால், திமிர்தான். ஆனால் பார்க்கிறவருக்குக் கோபத்தோடு சிரிப்பையும், சில நேரம் ‘நமக்கு இது வரவில்லையே’ என்ற பொறாமையையும் வரவழைக்கிற திமிர். அகராதிகளில் ‘துணிச்சல்’ நுழைவது அந்தப் பொறாமையின் வழியாகத்தான். ஒரு வரிப் பொருளை மட்டும் நம்பினால் இந்தச் சொல் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஆறு மாத வாடகையைப் பாக்கி வைத்திருக்கிறான் ஒருவன். பாக்கி வைத்தது ஹுட்ஸ்பா அல்ல. அது இல்லாமையாக இருக்கலாம், ஏமாற்றாகவும் இருக்கலாம். வீட்டுக்காரர் வரும்போது கொல்லைப்புறமாக நழுவுகிறான். அதுவும் அல்ல, நழுவுகிறவனிடம் கொஞ்சம் கூச்சம் மிச்சம் இருக்கிறது. கதவைத் திறந்து நின்றுகொண்டு, ‘நீங்கள் அடிக்கடி வந்து கேட்பதால் வீட்டில் நிம்மதியே இல்லை, அதற்காக வாடகையில் ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்கிறான். இது ஹுட்ஸ்பா. தப்பு முதல் படி. தலைகுனிந்து நிற்க வேண்டிய இடத்தில் அந்தத் தப்பின் மேலேயே ஏறி நின்று உரிமை கேட்பது இரண்டாவது படி. இந்தச் சொல் அந்த இரண்டாவது படிக்குத்தான் பெயர். இரவல் வாங்கிய புத்தகத்தைத் தொலைத்துவிட்டு, ‘இதன் இரண்டாம் பாகம் உங்களிடம் இருக்கிறதா?’ என்று கேட்பதும் இதே வகை, அளவுதான் சின்னது.

இதற்கு எல்லாரும் சொல்லும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தாயையும் தகப்பனையும் கொன்ற ஒருவன் நீதிபதி முன் நின்று, ‘ஐயா, நான் அனாதை, இரக்கம் காட்டுங்கள்’ என்று கெஞ்சுகிறான். அமெரிக்க எழுத்தாளர் லியோ ராஸ்டன் 1968இல், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷின் சொற்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில் ஹுட்ஸ்பாவை இதை வைத்துத்தான் விளக்கினார். அங்கிருந்து அது நீதிமன்றத் தீர்ப்புகள் வரை போனது. பழைய யூத நகைச்சுவை என்றே பலரும் நம்புகிறார்கள். ஆனால் ஆர்ட்டெமஸ் வார்ட் என்ற புனைபெயரில் எழுதிய அமெரிக்க நகைச்சுவையாளர் 1860களிலேயே இந்தக் கதையை எழுதிவிட்டார். அதில் இந்தச் சொல் கிடையாது. வேறெங்கோ பிறந்த கதை, தனக்குப் பொருத்தமான சொல்லைக் கண்டதும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேறெந்த மொழியாலும் இந்தச் சொல்லுக்கு ஈடுகொடுக்க முடியாது என்ற தொனியிலும் ராஸ்டன் எழுதியிருக்கிறார். அதை ஒரு விற்பனையாளரின் உற்சாகமாக எடுத்துக்கொண்டால் போதும். வெட்கம் கெட்ட உரிமைக்குரலைத் திட்டச் சொல் இல்லாத ஊர் எது?

சொல் வந்த வழியைப் பார்த்தால், அதன் இரட்டைக் குணம் அமெரிக்காவில் பிறந்ததல்ல என்பது தெரியும். யித்திஷ், நடுக்காலத்து ஜெர்மனிலிருந்து கிளைத்த மொழி. ரைன் நதிக்கரை யூதர்களிடம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உருவாகி, பிறகு போலந்து, லிதுவேனியா, உக்ரைன் என்று கிழக்கே பரவியது. இலக்கணமும் பெரும்பகுதிச் சொற்களும் ஜெர்மன் வழி, எழுத்து ஹீப்ரு, சமயமும் படிப்பும் சார்ந்த சொற்கள் ஹீப்ருவும் அதன் உறவு மொழியான அரமேயமும். ஹுட்ஸ்பா இந்தக் கடைசிப் பிரிவைச் சேர்ந்தது. ஜெர்மன் வழிச் சொற்களை உயிரொலிகளோடு, கேட்கிறபடியே எழுதுவது யித்திஷ் வழக்கம். ஹீப்ரு வழிச் சொற்களை மூல எழுத்துக்கூட்டல் மாறாமல் எழுதுவார்கள். சோவியத் யூனியனில் மட்டும் இந்த வேறுபாட்டை நீக்கி, எல்லாவற்றையும் ஒலிப்படியே எழுத வைத்தார்கள்.

வேர் மூன்று மெய்கள்: ஹெத், ட்ஸாதி, பே. விவிலியத்தில் தானியேல் நூலின் அரமேயப் பகுதியில், இரண்டாம் அதிகாரத்திலும் மூன்றாம் அதிகாரத்திலும், அரசனின் கட்டளை கடுமையாகவும் அவசரமாகவும் இருந்தது என்று சொல்லும் இடங்களில் இந்த வேர் வருகிறது. அங்கே அதில் வெட்கங்கெட்ட தன்மை எதுவும் இல்லை, வெறும் கடுமைதான். அதற்குப் பிந்திய ரபிகளின், அதாவது யூத சமய அறிஞர்களின், மொழியில்தான் இன்றைய பொருள் தெளிவாகிறது. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் சோட்டா பகுதியின் கடைசியில், மீட்பரான மெசியா வரும் காலம் நெருங்கும்போது நடக்கும் கேடுகளை அடுக்கும் இடத்தில், முதலில் நிற்பது ‘ஹுட்ஸ்பா பெருகும்’ என்பதுதான். அடுத்தாற்போலவே விலைவாசி வருகிறது. கொஞ்சம் தள்ளி, இளையவர் பெரியவரை அவமதிப்பதும் மகன் தகப்பனை இழிவுபடுத்துவதும் வருகின்றன. இது முழுக்க வசவு.

ஆனால் மிஷ்னாவையும் அதன் மேல் ரபிகள் நடத்திய விவாதங்களையும் தொகுத்த தால்முதில், சன்ஹெத்ரின் என்ற பகுதியின் 105ஆம் ஏட்டில் வேறு தொனி கேட்கிறது. பிலேயாம் என்ற குறிசொல்லி, இஸ்ரவேலரைச் சபிக்கப் போகலாமா என்று கேட்கிறான். கடவுள் போகாதே என்கிறார். மறுபடியும் கேட்கிறான், அனுமதி கிடைக்கிறது. இதைப் பார்த்து ரவ் நக்மான் என்ற ரபி, ‘வானத்தை நோக்கிய ஹுட்ஸ்பாகூடப் பலிக்கிறது’ என்கிறார். இன்னொரு ரபியான ரவ் ஷேஷத், ‘ஹுட்ஸ்பா கிரீடம் இல்லாத அரசு’ என்கிறார். அரசனுக்குரிய அதிகாரம் எல்லாம் இருக்கிறது, முடி ஒன்றுதான் குறை. இரண்டு கூற்றுகளையும் பாராட்டு என்று சொல்ல முடியாது. பிலேயாம் அந்த மரபில் வில்லன். ஆனால் இரண்டிலும் ஓர் ஒப்புதல் இருக்கிறது: வேண்டாத குணந்தான், இருந்தாலும் காரியம் நடந்துவிடுகிறது. ‘முடியாது’ என்ற பதிலைக் கேட்ட பிறகும் கேட்காதவன் போல மறுபடி கேட்பது நாம் மேலே சொன்ன இரண்டாவது படிதான்.

யித்திஷில் இந்தச் சொல் பெரும்பாலும் கண்டிக்கும் குரலில்தான் வரும். வாயாடும் பிள்ளையைத் தாய் திட்டுவது, பேரம் முடிந்த பிறகு விலையைக் குறைக்கச் சொல்பவனைக் கடைக்காரர் திட்டுவது எல்லாம் இதில் அடங்கும். அப்படிப்பட்ட ஆளுக்கு ‘ஹுட்ஸ்பெனிக்’ என்று பெயரும் உண்டு. இஸ்ரேலின் இன்றைய ஹீப்ருவிலும் அன்றாட வழக்கில் இது வசவுதான். வரிசையில் குறுக்கே புகுந்தவரைப் பார்த்து ‘எய்ஸோ ஹுட்ஸ்பா!’ என்று யாராவது கத்தினால் அதில் ரசனை துளியும் இல்லை. மரியாதை தெரியாத பையனை ‘ஹட்ஸுஃப்’ என்பார்கள், பெண்ணை ‘ஹட்ஸுஃபா’ என்பார்கள். அமெரிக்க ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் டெல் அவீவில் ஒருவரைப் பார்த்து ‘உங்களுக்கு நல்ல ஹுட்ஸ்பா’ என்று பாராட்டப் போனால் முகம் சுருங்கத்தான் செய்யும். அதே நாட்டில் புதுத்தொழில் தொடங்குவோரைப் பற்றிய பேச்சில் இதே சொல் பெருமையாகவும் வருகிறது. ஆனால் அது பெரும்பாலும் வெளியுலகத்தை நோக்கி ஆங்கிலத்தில் நடக்கும் பேச்சு.

ஆங்கிலத்துக்கு வந்த கதை குடியேற்றத்தின் கதை. 1881க்கும் 1924க்கும் இடையில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து 20 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்கா போனார்கள். பெரும்பாலோர் நியூயார்க்கில் இறங்கி, மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 1924இன் குடியேற்றச் சட்டம் அந்த வாசலை ஏறக்குறைய மூடியது. யித்திஷ் பேசிய பெற்றோர், ஆங்கிலம் பேசிய பிள்ளைகள். இந்த இரண்டாம் தலைமுறைதான் சொற்களைக் கடத்தியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்தச் சொல் ஆங்கில அச்சில் ஏறிவிட்டாலும் வெகுகாலம் அது வீட்டுக்குள் புழங்கும் சொல்லாகத்தான் இருந்தது. நியூயார்க் யூதர்கள் கோடை விடுமுறைக்குப் போன கேட்ஸ்கில் மலை விடுதிகளில் பேசிப் பழகிய நகைச்சுவையாளர்கள் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் போனபோது சொல்லும் கூடவே போனது. 1960களுக்குப் பிறகு யூதர் அல்லாதவர்களும் தயங்காமல் சொல்லத் தொடங்கினார்கள்.

பொருள் இளகியதும் அந்தப் பயணத்தில்தான். நகைச்சுவை மேடையிலிருந்து கற்றுக்கொண்ட வசவில் சிரிப்பும் சேர்ந்தே வரும். அந்தச் சொல்லால் வீட்டில் அடி வாங்கியவருக்கு இருக்கும் கசப்பு புதிதாகக் கற்றவருக்கு இல்லை. தவிர, கூச்சப்படாமல் கேட்பதை ஒரு திறமையாகவே பார்க்கும் சமூகம் அமெரிக்கா. சம்பள உயர்வு, கடன், பெரிய மனிதரின் நேரம் என்று எதையும் வாய்விட்டுக் கேட்பவனுக்கு அங்கே பாதி மரியாதை தானாகக் கிடைத்துவிடுகிறது. தமிழில் ‘ரொம்பக் கெத்துக் காட்டாதே’ என்று திட்டவும் ‘கெத்தா நின்னான்யா’ என்று மெச்சவும் ஒரே சொல் உதவுகிறதல்லவா, ஏறக்குறைய அந்த நிலைமைதான்.

இந்தச் சொல் மற்ற ஐரோப்பிய மொழிகளிலும் இருக்கிறது. ஜெர்மனில் ‘ஹுட்ஸ்பெ’, அதிலும் கொஞ்சம் ரசனை கலந்திருக்கும். போலிஷின் ‘ஹுட்ஸ்பா’ அரசியல் சண்டைகளில் எதிராளியின் அப்பட்டமான புளுகைச் சாடப் பயன்படுவது. டச்சுக்காரர்கள் ‘ஹொட்ஸ்பெ’ என்பார்கள். அவர்களுக்கு அது ‘அநியாயம்’ என்பதற்குப் பக்கத்தில் வரும். அதற்கு முன்னால் ‘ஒரு’ சேர்த்து ‘இது ஒரு ஹொட்ஸ்பெ’ என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அப்படிச் சொல்லக்கூடாது. காரணம் கீழே வருகிறது.

அமெரிக்க நீதிமன்றங்களில் இந்தச் சொல்லுக்குக் கிடைத்த வரவேற்பு தனிக்கதை. 1972இல் ஜார்ஜியா மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் இது வந்தது. வழக்கு என்னவென்றால், துப்பாக்கி திருடுவதற்காக ஒருவன் பூட்டு உடைத்துப் புகுந்த இடம் ஷெரிஃப் அலுவலகம், அதாவது காவல் அதிகாரியின் அலுவலகமே. திருட்டு எல்லா ஊரிலும் நடக்கிறது. திருடப் போன இடந்தான் இங்கே இரண்டாவது படி. அலெக்ஸ் கோஜின்ஸ்கி என்ற நீதிபதியும் யூஜின் வோலக் என்ற சட்ட அறிஞரும் 1993இல் யேல் சட்ட இதழில் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள். தீர்ப்புகளில் இந்தச் சொல் வந்த இடங்களில் மிகப் பெரும்பாலானவை 1980க்குப் பிந்தியவை என்று அவர்கள் காட்டினார்கள். 1998இல் கலைகளுக்கான தேசிய நிதியமைப்பு தொடர்பான வழக்கில் நீதியரசர் ஆண்டனின் ஸ்காலியா தன் தனித் தீர்ப்பில் இதை எழுத, உச்ச நீதிமன்றத்துக்குள்ளும் சொல் நுழைந்துவிட்டது. ஸ்காலியா இத்தாலிய வம்சாவளிக் கத்தோலிக்கர் என்பதையும் கவனியுங்கள். யூதச் சொல் என்ற முத்திரை அதற்குள் தேய்ந்து, சொல் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது.

நீதிபதிகளுக்கு இந்தச் சொல் ஏன் பிடித்துப்போனது? நீதிமன்றத்தில் அடிக்கடி வரும் ஒரு வாதத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது: தானே உண்டாக்கிய சிக்கலைக் காட்டி நிவாரணம் கேட்பது. ஆவணத்தை அழித்தவர், எதிர்த்தரப்பு ஆவணத்தைக் காட்டவில்லை என்கிறார். ஒப்பந்தத்தை முறித்தவர், ஒப்பந்தப்படி நஷ்டஈடு வேண்டும் என்கிறார். தன் தவறால் தானே லாபம் அடையக்கூடாது என்பது சட்டத்தின் பழைய கொள்கை. அதை மீறுகிற ஆளை ஒரே சொல்லில் குத்த ஆங்கிலத்தில் அதுவரை சரியான ஊசி இல்லை.

ஒரு வாக்கியத்தில் இது பாராட்டா, வசவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கூட வரும் அடைமொழியை மட்டும் நம்ப வேண்டாம். ‘ஷியர்’, ‘ப்யூர்’ போன்றவை இரண்டு பக்கத்துக்கும் வரும். யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். பெரிய நிறுவனத்தின் தலைவருக்கு நேரடியாகக் கடிதம் எழுதி வேலை கேட்ட கல்லூரி மாணவியால் யாருக்கும் நஷ்டமில்லை, மறுக்கப்பட்டால் அவமானம் அவருக்கு மட்டுந்தான். அங்கே ஹுட்ஸ்பா பாராட்டு. ஆயிரம் பேரை வேலையைவிட்டு அனுப்பிய கையோடு தனக்கு ஊக்கத்தொகை எடுத்துக்கொண்ட தலைவரைப் பற்றி எழுதும்போது அது வசவு. கீழேயிருந்து மேலே நீளும் கை என்றால் ரசனை, மேலேயிருந்து கீழே அமுக்கும் கை என்றால் அருவருப்பு. விதிவிலக்குகள் இருக்கின்றன, குறிப்பாக அரசியல் கட்டுரைகளில். அங்கே எழுதுகிறவரின் கட்சிச் சார்பு தெரிந்தால்தான் பொருளும் தெரியும்.

பக்கத்து வீட்டுச் சொற்களோடு வைத்துப் பார்த்தால் எல்லை இன்னும் தெளிவாகும். ‘கட்ஸ்’ என்றால் துணிச்சல் மட்டும், பாராட்டு மட்டும். ‘கால்’ (ஜி-ஏ-எல்-எல்) என்பது திட்டு மட்டும், கசப்பு உள்ளது. ‘நெர்வ்’ இரண்டு பக்கமும் போகும். ஹுட்ஸ்பாவுக்கு மிக நெருங்கிய பழைய ஆங்கிலச் சொல் அதுதான், ஆனால் அதில் சிரிப்பு குறைவு. பிரிட்டிஷ்காரர்களின் ‘சீக்’ சின்னக் குறும்புக்கு. அதை வைத்துக் கொலைகாரனின் அனாதை வாதத்தைச் சொல்ல முடியாது. ‘ஹ்யூப்ரிஸ்’ கிரேக்க நாடகத்து அகந்தை, கடைசியில் வீழ்ச்சியில் முடியும். ஹுட்ஸ்பாவுக்கு வீழ்ச்சி கட்டாயமில்லை, சொல்லப்போனால் பலித்துவிடுவதுதான் அதில் எரிச்சலே. தீப்பிடித்த வீட்டுக்குள் பாய்ந்து குழந்தையைத் தூக்கி வருகிறவரின் செயலுக்கு இந்தச் சொல்லைப் போடாதீர்கள். அதில் மீறல் இல்லை, வெட்கப்பட எதுவும் இல்லை, இரண்டாவது படியும் இல்லை. அது வீரம், அவ்வளவுதான்.

இலக்கணத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் இது எண்ண முடியாத பெயர்ச்சொல். முன்னால் ‘எ’ வராது, பன்மை கிடையாது. அதிகம் புழங்கும் சட்டகம் ‘ஹேவ் த ஹுட்ஸ்பா டு’ என்பது, பின்னால் ஒரு வினை: ‘ஷி ஹேட் த ஹுட்ஸ்பா டு ஆஸ்க் ஃபார் எ ரீஃபண்ட்’. இதில் ‘த’ வந்தே ஆகவேண்டும். ‘ஷி ஹேட் ஹுட்ஸ்பா டு ஆஸ்க்’ என்றால் அரைகுறையாகக் கேட்கும். குணத்தைப் பொதுவாகச் சொல்லும்போது ‘த’ தேவையில்லை: ‘ஹி ஹேஸ் ஹுட்ஸ்பா’. செயலை முன்னால் வைத்துச் சொல்ல ‘இட் டேக்ஸ் ஹுட்ஸ்பா டு’. வியப்புக்கு ‘வாட் ஹுட்ஸ்பா!’ என்றும், கொஞ்சம் கதை சொல்லும் தொனியில் ‘த ஹுட்ஸ்பா ஆஃப் த மேன்!’ என்றும் வரும். பெயரடையாக ‘ஹுட்ஸ்படிக்’ யூதர்களின் ஆங்கிலத்தில் கேட்கும், பொது ஆங்கிலத்தில் அரிது. வினையாக மாற்ற முயல வேண்டாம்.

எழுத்துக்கூட்டல் இன்று பெரும்பாலும் சி-எச்-யு-டி-இசட்-பி-ஏ-எச். கடைசி எச் இல்லாமலும், முதல் சி இல்லாமலும்கூடக் காணலாம். தவறில்லை, ஆனால் ஒரே கட்டுரையில் மாற்றி மாற்றி எழுதாதீர்கள். இன்று யாரும் இதைச் சாய்வெழுத்தில் போடுவதில்லை. வாசகருக்குத் தெரியாது என்று எண்ணிச் சாய்த்தால், சொல்லைவிட நீங்கள்தான் அந்நியமாகத் தெரிவீர்கள்.

உச்சரிப்பில்தான் பலர் வழுக்குகிறார்கள். தொடக்கத்தில் சி-எச் இருப்பதால் ‘ச’ என்று தொடங்கிவிடுவது முதல் தவறு. 2011இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்த மிஷேல் பாக்மன், தொலைக்காட்சியில் ஒபாமாவைச் சாடும்போது ‘சூட்ஸ்பா’ என்று சொல்லிவிட்டார். சாடல் மறந்துபோனது, உச்சரிப்புக் கேலி நிலைத்தது. மூல ஒலி தொண்டையில் பிறப்பது. ‘க’ சொல்லப்போவது போல நாக்கின் பின்பகுதியை உயர்த்துங்கள். ஆனால் அண்ணத்தில் ஒட்டவிடாமல் நூலிடை விட்டு, அந்த இடுக்கில் மூச்சைத் தள்ளுங்கள். குரல் அதிரக்கூடாது, கரகரவென்று காற்று மட்டும் உரச வேண்டும். அரபு ஓதத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பாடமே தேவையில்லை. ஹாவுக்கு அடுத்து, மேலே ஒற்றைப் புள்ளியோடு வரும் எழுத்தின் ஒலிதான் இது. மற்ற தமிழர்களுக்கும் தூரமில்லை. ‘பகல்’, ‘முகம்’ என்று வேகமாகப் பேசும்போது நடுவில் உள்ள க முழுதாக அடைபடாமல் இளகிப் போகிறதே, அதே இடம். அதிர்வை எடுத்துவிட்டு உரசலைக் கூட்டினால் வந்துவிடும்.

வராவிட்டால் கவலை வேண்டாம். அமெரிக்கர்களில் பெரும்பாலோர் வெறும் ‘ஹு’ என்றுதான் தொடங்குகிறார்கள், அது ஏற்புடையதே. தெளிவாக ‘க’ சொல்வதைவிட ‘ஹ’ எவ்வளவோ மேல். உயிர் குறில், ‘ஹூ’ என்று நீட்டக்கூடாது. நடுவில் வரும் ‘ட்ஸ்’, பீட்ஸாவில் வருவதே. அழுத்தம் முதல் அசையில், கடைசி ‘பா’ பாதி விழுங்கின ‘ப’ போல ஒலித்துவிடும். இஸ்ரேலியர்கள் அழுத்தத்தைக் கடைசி அசையில் வைப்பார்கள், அது ஹீப்ரு முறை. ஆங்கிலம் பேசும்போது அப்படிச் செய்தால் மொழி தெரிந்ததைக் காட்டிக்கொள்வது போல இருக்கும்.

நாம் பயன்படுத்தலாமா என்றால், தாராளமாக, சில இடங்களைத் தவிர்த்து. வேலை விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி எழுத வேண்டாம். இது பிறர் நமக்குத் தர வேண்டிய பட்டம், தானே சூட்டிக்கொண்டால் படிப்பவர் வசவுப் பொருளைத்தான் எடுத்துக்கொள்வார். பரிந்துரைக் கடிதத்திலும் அபாயம் உண்டு; அமெரிக்கப் பேராசிரியர் மெச்சி எழுதியதை வேறு நாட்டுத் தேர்வுக்குழு ‘அடங்காதவர்’ என்று படிக்கக்கூடும். நேருக்கு நேர் ‘யூ ஹேவ் ஹுட்ஸ்பா’ என்று மேலதிகாரியிடம் சொல்வது, சிரித்துக்கொண்டே சொன்னாலும், சூதாட்டம். இன்னொன்று, இந்தச் சொல்லை யூதர்களின் இயல்பு என்ற பொருளில், இனப்பெயரை முன்னால் சேர்த்து எழுதாதீர்கள். யூதர்கள் முண்டியடிப்பவர்கள் என்ற பழைய வெறுப்புப் பேச்சின் வாடை அதில் வந்துவிடும். ஒரு யூதரின் குறிப்பிட்ட செயலைப் பற்றி, எவரைப் பற்றியும் சொல்வது போலச் சொன்னால் தவறில்லை.

தமிழில் பெயர்க்கிறவர்களுக்கு இது தலைவலி. ‘துணிச்சல்’ என்றால் பாதி போய்விடும், ‘ஆணவம்’ என்றால் சிரிப்பு போய்விடும். ‘தெனாவட்டு’ நெருங்கி வருகிறது. ஆனால் அது நிற்கிற நிலையிலும் பார்க்கிற பார்வையிலும் தெரிவது, ஹுட்ஸ்பா ஒரு செயலிலோ கேள்வியிலோ தெரிவது. ‘முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது’ அப்பட்டமான பொய்க்கு மட்டும் பொருந்தும். ‘இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்’ என்பதில் இரண்டாவது படி இருக்கிறது. ஆனால் முதல் படி பிறர் காட்டிய இரக்கம், தன் தவறு அல்ல. வசவு இடங்களில் ‘நெஞ்சழுத்தம்’ நன்றாகவே வேலை செய்யும்: ‘பணத்தையும் கட்டாமல் தள்ளுபடியும் கேட்க என்ன நெஞ்சழுத்தம்!’ பேச்சு நடையில், ‘என்ன தைரியம் இருந்தா இப்படிக் கேட்பான்?’ என்ற வாக்கியமே போதும். தைரியம் என்ற நல்ல சொல்லை வைத்துத் திட்டுவதால் இரட்டைப் பொருளும் தானாக வந்துவிடுகிறது. பாராட்டு இடங்களில் ஒற்றைச் சொல்லைத் தேடி அலையாமல், ‘கூச்சமே இல்லாமல் கேட்டார், வாங்கியும் விட்டார்’ என்று செயலை எழுதிவிடுவது நல்லது. தீர்ப்பு, கட்டுரை போன்றவற்றில் சொல்லே விவாதப் பொருளானால் ‘ஹுட்ஸ்பா’ என்று அப்படியே வைத்து, முதல் முறை மட்டும் விளக்கம் தரலாம்.

கடைசியாக இதன் உறவினர்கள். சுமையை இழுத்துக்கொண்டு அலைவதற்கு ‘ஷ்லெப்’, ஓயாமல் குறைபட்டுக்கொள்வதற்கு ‘க்வெட்ச்’, கைதவறிப் போட்டு உடைப்பவருக்கு ‘க்ளட்ஸ்’, மனிதத்தன்மை உள்ளவருக்கு ‘மென்ஷ்’. இவற்றை எங்கும் சொல்லலாம். ‘ஷ்மக்’, ‘பட்ஸ்’ இரண்டும் அப்படி அல்ல. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘மடையன்’ என்ற அளவில் சாதாரணமாக வந்தாலும், யித்திஷில் இரண்டும் ஆணுறுப்பைக் குறிக்கும் கெட்ட வார்த்தைகள். வயதான யூதர் இருக்கும் இடத்தில் சொன்னால் அறை அமைதியாகிவிடும்.

சொல் மட்டுமல்ல, ஒரு பேச்சு முறையையும் யித்திஷ் ஆங்கிலத்துக்குக் கொடுத்திருக்கிறது. நாம் ‘காசு கீசு’, ‘புலி கிலி’ என்று முதல் எழுத்தை மாற்றி அடுக்குகிறோமே, அவர்கள் அதே இடத்தில் ‘ஷ்ம’ வைத்து ‘மனி ஷ்மனி’ என்பார்கள். நம் ‘கீசு’ ‘அது போன்றவை’ என்றும் பொருள்படும், அவர்களுடைய ‘ஷ்மனி’ அலட்சியத்துக்கு மட்டும். மேலே சொன்ன யேல் சட்ட இதழ்க் கட்டுரைக்கு அதன் ஆசிரியர்கள் வைத்த தலைப்பு ‘லாசூட், ஷ்மாசூட்’. வழக்காவது கிழக்காவது! நாட்டின் முன்னணிச் சட்ட இதழ் ஒன்றில் ஒரு நீதிபதி அப்படித் தலைப்பு வைப்பதற்கு என்ன பெயர் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.